தேராகுவின் மூன்று அங்குலம்

சபையில் எல்லோரும் அவரை நூல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். எழுதுவதற்கு முன்னால் சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார், கோடு விழும். அதன்பிறகு எழுத்து அந்தக் கோட்டை விட்டு மயிரிழை ஏறாது, இறங்காது. பல் டாக்டருக்கும் அப்படித்தான், பஞ்சர் கடைக்கும் அப்படித்தான். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் அடுத்தவர் வீடாயிற்றே என்றுகூடப் பார்க்காமல் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்து உட்காருவார்.

வேதத்தையும் அப்படித்தான் படித்தார். ஆறு நாளில் உலகம் உண்டானது என்று எழுதியிருந்தால் ஆறு நாள்தான், அரை நாள் கூடாது, குறையாது. ஆதாம் முதல் இன்றுவரை ஆறாயிரம் வருடம். போதகரின் தகப்பனார், சபையை ஆரம்பித்த பெரிய ஐயா, வேதத்தில் உள்ள வயதுகளையெல்லாம் கூட்டிக் கண்டுபிடித்த கணக்கு அது. வருடா வருடம் சபைத் துண்டுப்பிரசுரத்தில் உலகத்தின் வயதை ஒன்று கூட்டி அச்சிடுவார்கள். மனிதர்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடாத சபை அது, உலகத்துக்கு மட்டும் கொண்டாடியது.

அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஏழு வருடத்துக்கு முன்னால் வகுப்பில் காட்டுவதற்காக ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கல்லுக்குள் சிப்பியின் அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் இவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். நோவா காலத்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தது என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்திருந்தால் போயிருக்கும். ஆனால் கேட்டுவிட்டார்.

"இதுக்கு எத்தனை வயசுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுவ?"

"சில கோடி வருஷம்ப்பா."

"உலகத்துக்கே ஆறாயிரம்தானே?"

"அந்த இடத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கணும்னு இல்லப்பா. படைச்சது கடவுள்தான், அதை நான் மறுக்கல. நாள்னா நம்ம நாள்தானா?"

அவ்வளவுதான் பேச்சு. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் அவரைச் சபைக்கு மூப்பராக ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று அதற்கும் ஒரு வசனம் உண்டு, மகள் பேச்சு காதுக்கு எட்டியதும் போதகர் அதை ஞாபகப்படுத்தினார். நூல்காரர் மகளை ஊர் அறிய மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். தகப்பனுக்கு அப்படியே வாய்த்த மகள், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெட்டியை எடுத்து வாசலில் வைத்தவர் அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூப்பரானார். எல்லோரும் கைகுலுக்கினார்கள். "ஆபிரகாம் மகனைக் கடவுளுக்குப் பலியாக் கொடுத்த மாதிரி கொடுத்துட்டீங்க," என்றார் போதகர். ஆபிரகாமுக்குக் கடைசி நேரத்தில் மகன் திரும்பக் கிடைத்தான் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இவர் போகவில்லை. மனைவியையும் போக விடவில்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது சபைச் சட்டம், அதற்கும் வசனம் இருந்தது. நெஞ்சு வலித்த ராத்திரிகளில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றே ஒன்றுதான்: எழுதியிருக்கிறது, அதில் ஒரு எழுத்தையும் நான் வளைக்கவில்லை.

இப்போது கதை சுவருக்கு வருகிறது. சபை மண்டபத்தில் வாசல் நிலையை ஒட்டி இருபத்தைந்து அடிக்கு ஒரு வெற்றுச் சுவர். அதில் ஆதாம் முதல் இன்றுவரை ஆறாயிரம் வருடத்தையும் படமாக எழுத வேண்டும் என்று போதகருக்கு ஆசை வந்தது. ஒவ்வொருவர் ஆயுளுக்கும் ஒரு பட்டை. பிறந்த வருடத்தில் பட்டை தொடங்க வேண்டும், இறந்த வருடத்தில் முடிய வேண்டும். நூல்காரருக்குச் சொல்லவா வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பத்து வருடத்துக்கு அரை அங்குலம் என்று அளவு போட்டுக்கொண்டார். ஆறாயிரத்துக்குச் சரியாக இருபத்தைந்து அடி. சுவரையே கடவுள் அளந்து கட்டியிருக்கிறார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான்கு மாதம் சாரத்தின் மேல் நின்றார். ஆதாம் பட்டை தொள்ளாயிரத்து முப்பது வருடம், கிட்டத்தட்ட நான்கு அடி. மெத்தூசலா அதைவிட நீளம், வெள்ளம் வந்த அதே வருடக் கோட்டில் போய் முட்டி நின்றான். "பாவம் கிழவன், தப்பிச்சானோ முழுகினானோ," என்று அவரே கேட்டுக்கொண்டு மேலே போனார். அதில் முரண்பாடு இல்லை, வருத்தம்தான். நோவாவின் மகன் சேம் பட்டை ஆபிரகாம் பட்டையையும் தாண்டி ஓடியது. அதிலும் இடறவில்லை. வேதம் சொன்னால் சொன்னதுதான்.

இடறியது ஆபிரகாமின் தகப்பன் தேராகுவிடம். ஆபிரகாமுக்கு அப்போது ஆபிராம் என்றுதான் பெயர். தேராகுவின் எழுபதாவது வயதில் ஆபிராம் பிறந்தான் என்று பெரிய ஐயாவின் கணக்கு. எழுபத்தைந்தாவது வயதில் ஆபிராம் ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டான். அப்படியானால் தகப்பனுக்கு அப்போது நூற்று நாற்பத்தைந்து. தேராகு வாழ்ந்ததோ இருநூற்று ஐந்து வருடம். ஆனால் போதகர் எழுதிக் கொடுத்த தாளில், புறப்பாட்டுக் கோட்டின் பக்கத்தில் எழுத வேண்டிய வாசகம் இது: தகப்பன் மரித்த பின்பு புறப்பட்டான். அதுவும் புதிய ஏற்பாட்டில் அப்படியே இருக்கிறது. புறப்பாட்டுக்குச் சிவப்புக் கோட்டை இழுத்து, வாசகத்தையும் எழுதிவிட்டு இறங்கி வந்து பார்த்தார். தகப்பன் மரித்த பின்பு என்ற எழுத்துக்கு வலப்பக்கம் தகப்பன் பட்டை இன்னும் மூன்று அங்குலம் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஸ்கேலைச் சந்தேகப்பட்டார். புது ஸ்டீல் ஸ்கேல் வாங்கி அளந்தார். பிறகு கண்ணைச் சந்தேகப்பட்டார், கண்ணாடி மாற்றினார். மூன்று நாள் திரும்பத் திரும்பக் கூட்டினார். மூன்று அங்குலம் மூன்று அங்குலமாகவே நின்றது. நான்காம் நாள் போதகரை அழைத்துவந்து காட்டினார்.

போதகர் வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு பதில் இருக்கு மூப்பரே. ஆபிராம் மூத்த பிள்ளையா இருக்கணும்னு அவசியமில்ல. தேராகுவுக்கு நூத்திமுப்பதுல பிறந்திருக்கலாம். அறிஞர்கள் அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப அவனுக்கு முன்னாடி இருக்கிறவங்க எல்லாரையும் மூணு அங்குலம் இடதுபக்கம் தள்ளணும் ஐயா. ஆதாம் வாசல் நிலைக்குள்ள போயிடுவார். உலகத்துக்கும் அறுபது வயசு கூடிடும். பெரிய ஐயா போட்ட வருஷம் தப்புன்னு ஆயிடும்."

அது போதகருக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவின் கணக்கில்தான் சபையே நிற்கிறது. அப்பாவைத் தள்ளுவதைவிடத் தேராகுவைத் தள்ளுவது சுலபம்.

"ஒண்ணு செய்யுங்க. தேராகு பட்டையைச் சிவப்புக் கோட்டோட நிறுத்திடுங்க. யார் ஸ்கேல் வெச்சுப் பார்க்கப்போறாங்க?"

"இருநூத்தியஞ்சுன்னு எழுதியிருக்கே ஐயா."

"எழுதியிருக்கு. அந்த இடத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கணும்னு இல்ல."

நூல்காரர் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். மகள் சொன்னபோது அது நரகத்துக்குப் போகிற வழி. போதகர் சொல்லும்போது அது வேலைக்கு ஒரு யோசனை.

"இதைச் சொன்னதுக்குத்தானே ஐயா என் பொண்ணை அனுப்பச் சொன்னீங்க?"

"நான் எங்கே அனுப்பச் சொன்னேன்? நீங்களாத்தானே அனுப்பினீங்க," என்றார் போதகர்.

உண்மைதான். அதுதான் அவரைக் கொன்றது. அவர் பட்டையைக் குறைக்க மாட்டேன் என்றார். அந்த வாரமே மூப்பர் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வர்ணம் அடிக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, வெள்ளை எனாமலால் அந்த மூன்று அங்குலத்தை மூடினார்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு மனிதனுடைய அறுபது வருடம் ஒரு பிரஷ் இழுப்பில் போயிற்று. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரும் பார்த்தார். வெள்ளை அடித்த இடம் கோணலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அநியாயம், பித்தலாட்டம், வேலியே பயிரை மேய்கிறது என்றார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இருபத்தஞ்சு அடி செவுத்துல ஆறாயிரம் வருஷத்துக்கு இடம் இருந்துச்சு. என் பொண்ணுக்கு இந்த வீட்டுல ஒரு கட்டில் போட இடமில்ல. இப்ப தேராகுவுக்காக அழுறீங்க."

அவர், "அவ வீடு எங்கேன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரிந்திருந்தது. ஏழு வருடமாக மாதம் ஒருமுறை பேருந்து நிலையத்தில் மகளைப் பார்த்துவந்திருக்கிறாள். "உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? நின்னு பேசக் கூடாதுன்னு இல்லையே. நின்னுக்கிட்டுத்தான் பேசுவோம்," என்றாள். வசனத்தை இப்படியும் எழுத்துக்கு எழுத்து படிக்கலாம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்தாள். அதிர்ச்சியை அடக்கிக்கொண்டு, "வாங்கப்பா," என்றாள். மேஜையில் திருத்தாத பரீட்சைத் தாள்கள் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு அதற்குள் முன்நெற்றியில் இரண்டு நரை. அவர் அதைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாரோ அது வாயில் வரவில்லை. தெரிந்தது வந்தது. ஒரு தாளை எடுத்து, பையிலிருந்த ஸ்கேலை வைத்து, தேராகுவுக்கு ஒரு பட்டை, ஆபிராமுக்கு ஒரு பட்டை, நடுவே ஒரு கோடு என்று போட்டு, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். ஸ்கேலை வாங்கி அவளும் அளந்தாள்.

"உங்க அளவு சரிதான்ப்பா. மூணு அங்குலம் இடிக்குது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்து அதை ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவள்.

"அப்ப இதுல ஏதாவது ஒண்ணு எழுத்துக்கு எழுத்து இல்லைன்னு ஆகுதே, என்ன சொல்றீங்க?"

"அப்படி இல்லம்மா. ரெண்டும் சத்தியம். எப்படின்னு நமக்குத்தான் புரியல. புரியலைங்கறதுக்காக ஒண்ணைத் தூக்கி வெளியே போட முடியுமா?"

மகள் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"இதை எனக்கும் ஒரு தடவை சொல்லியிருக்கலாமேப்பா. எப்படின்னு புரியல, ஆனா நீ வெளியே போக வேணாம்னு."

அங்கேயாவது அவர் சும்மா இருந்திருக்கலாம். அழுதிருந்தால்கூடப் போதும். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"அது வசனம். இது வேறம்மா," என்றார்.

அவள் தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வாசல்வரை வந்து, "அம்மாவை அனுப்பி வைங்க. இங்கே வந்து என்கூட இருக்கட்டும்," என்று சொன்னாள்.

வீட்டில் மனைவி தவிப்போடு காத்திருந்தாள்.

"என்ன சொன்னா?"

"உன்னை அங்கே வந்து இருக்கச் சொன்னா."

"உங்களை?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அவள் உள்ளே போய் நான்கு புடவைகளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது என்றாள். அவளை நிறுத்த அவருக்கு ஒன்றுக்கு நான்காக வசனம் தெரியும். ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.