ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ்

"நம்பரைச் சொல்லு மக்ளே."

கரமனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிவகாமியம்மாள் நீல நோட்டை விரித்து வைத்திருந்தார். அன்று ஏற்றிய ரத்தப் பையைப் போனில் படம் எடுத்து வந்திருந்தாள் மகள் ஆர்யா. அவள் படித்த எண்ணை அம்மா எழுதி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரத்தம் கொடுத்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அதனால் எண்ணுக்குத்தான் கும்பிடு. பதினெட்டு வருடப் பழக்கம்.

அவருக்குத் தலசீமியா, உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். சாலைக் கடைத்தெருவில் தலையணை உறை தைத்துப் பிழைத்தவர். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் மெஷினை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொள்வார். மறுநாள் மறுபடியும் தைப்பார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் மாடம்மாள், பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவள். எழுதத் தெரியாது. அவளுடைய எண்களையும் அம்மாவே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தார்.

"அந்த சபீனா சிஸ்டரு எனக்கும் மாடம்மாளுக்கும் மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கிளவுஸ் போடுதா, பாத்தியா? எங்க மேல என்ன பலாப்பிசினா ஒட்டியிருக்கு?"

ஆர்யா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இன்ஜினியர் அவள். எந்த நோயாளியிடம் நர்ஸ் இரண்டு கிளவுஸ் போடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மாவின் ஃபைலைக் கேட்டு வாங்கினாள். அட்டையில் சிவப்புப் புள்ளி. உள்ளே, ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது.

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"டாக்டர் பறஞ்ஞிட்டுண்டாவும்னு விசாரிச்சு, சேச்சி."

டாக்டர் சொல்லியிருப்பார் என்று சபீனா நினைத்தாராம். நர்ஸ் சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைத்தாராம். கருவி ஒழுங்காக வேலை செய்திருந்தது. வாய்கள்தான் செய்யவில்லை. ஏற்றும் ரத்தத்தோடு வந்து கல்லீரலை அரிக்கிற கிருமி; மூன்று மாத மாத்திரையில் போயிருக்கும். வயிறு வீங்கியபோதுகூட, ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கல்லீரலில் படிந்ததால் என்றுதான் சொன்னார்கள். தங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அம்மா காதில் ஒரு வார்த்தை போடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி ஆர்யா கத்தினாள். அம்மா கத்தவில்லை.

"ரத்தம் குடுத்தவன் மேல கோவப்படாத. அவனுக்கே தெரிஞ்சிருக்காது, பாவம்." பிறகு நிமிர்ந்தார். "ஏட்டி, மாடம்மாளுக்கும் ரெண்டு கிளவுஸ்தானே?"

மாடம்மாள் இரண்டு தடவையாக வரவில்லை. போனும் கிடையாது. ஆஸ்பத்திரியில் முகவரி கேட்டால், நோயாளியின் அந்தரங்கம், தர முடியாது என்றார்கள். அந்த அந்தரங்கத்தைச் சிவப்புப் புள்ளியாக அட்டையில் ஒட்டிய அதே ஆட்கள்!

"பொன்முடிக்கு நான் போய்த் தேடிச் சொல்லிட்டு வரேம்மா."

"நீ இங்கிலீஷ்ல நாலு நோய்ப் பேரு சொல்லிப் பயமுறுத்துவ. நான் சொன்னாத்தான் அவ மாத்திரை தின்னுவா. இந்த வயிறு கொஞ்சம் வத்தட்டும், போவோம்."

வற்றவில்லை. அப்படிச் சொன்ன பத்தொன்பதாம் நாள் ரத்த வாந்தி எடுத்தார். அன்றைக்கே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்தபின் ஆர்யா நோட்டைப் பின்பக்கமாகத் திறந்தாள். மாடம்மாளின் கடைசி எண்ணுக்குக் கீழே அம்மாவின் சாய்ந்த எழுத்து:

"பொன்முடி பஸ் காலையில் எத்தனை மணிக்கு? கேட்கணும். மாடம்மாளிடம் நேரில் சொல்லணும்."

மாடம்மாளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.