பவுலின் கையில் பைபிள்

எங்கள் சபையில், சர்ச் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நாடகம் போடுவது வழக்கம். அங்கி தைக்கிற வேலை என்னுடையது. கூச்சக்காரிக்குத் தையல் மெஷின் வசதி. குனிந்த தலை நிமிர வேண்டாம்.

அந்த வருடம் பவுல் அப்போஸ்தலனின் கதை. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் பவுல். ஒத்திகையில் அங்கியைப் போட்டுக்கொண்டு, ஜிப் வைத்த கறுப்பு பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்கால் வீட்டிலிருந்து நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்புவதும் அப்படித்தான். யாருக்கும் தப்பாகப் படவில்லை.

ஒத்திகையில் எடுத்த போட்டோவைப் பார்த்த என் மகள் சிரித்தாள். காலேஜில் வரலாறு படிக்கிறாள்.

“பவுலுக்கு ஏதும்மா பைபிள்? அவர் எழுதுன லெட்டருங்க பின்னாடிதான் பைபிள்ல சேர்ந்துச்சு. இயேசுவோட கதையைச் சொல்ற மத்தேயு, மாற்கு சுவிசேஷமெல்லாம் அதுக்கும் அப்புறம் எழுதுனது.”

புத்தகத்தில் மத்தேயு முன்னால் இருப்பதால் அதுதான் முதலில் எழுதியது என்று நான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன்.

“சபையில கேக்க வேண்டியதுதானே?”

“வாலிபர் கூட்டத்துல கேட்டேனே. சாத்தான் குடுக்கற புத்தின்னாங்க. கேள்வி கேக்கக் கூடாத இடத்துல எனக்கென்ன வேலை? இனிமே வரமாட்டேன்.”

மூன்று மாதமாக அவள் சர்ச்சுக்கு வராததற்குப் பரீட்சைதான் காரணம் என்று இருந்தேன். அன்று ஒரு அங்கிக்குக் கையைத் தப்பாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

மலை சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டம் ஊரிலிருந்து வடிந்த சனிக்கிழமை மறுபடி ஒத்திகை. போதகரும் வந்திருந்தார். பாட்டுப் பாடுவதைத் தவிர அங்கே வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன்.

“ஐயா, பவுல் காலத்துல சுவிசேஷ புஸ்தகம் இருந்துச்சுங்களா?”

பாடகர் குழுவில் இருக்கும் அக்கா முந்திக்கொண்டார். “பொண்ணு காலேஜுக்குப் போனா அம்மாவும் கூடவே படிக்கறாங்க போல!”

எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது. உட்கார்ந்திருப்பேன், மகளின் முகம் விடவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே கேட்டேன்.

போதகர் சிரிக்கவில்லை. “இல்லம்மா. முதல்ல வாய்ப்பேச்சுதான். வீடுவீடாக் கூடி இயேசுவைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. அப்புறம் பவுலோட கடிதங்கள். அவரை நேர்ல பார்த்தவங்க ஒவ்வொருத்தரா செத்துப்போக ஆரம்பிச்சப்பதான் சுவிசேஷங்களை எழுதி வெச்சாங்கன்னு ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. எந்தெந்தப் புஸ்தகம் சேரணும்னு முடிவாகவே ரொம்ப காலம் ஆச்சு. சண்டையும் ஜாஸ்தி.”

“அப்போ நான் கையை எங்க வெச்சுக்கறது?” என்று பவுல் அண்ணன் பரிதாபமாகக் கேட்டார். இந்தமுறை நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள்.

“நீயா கேட்ட? சிரிச்சிருப்பாங்களே?”

“சிரிச்சாங்க. ரெண்டாவது தபா கேட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது ஸ்கூட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தாள். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஒத்திகை முடியும்வரை பொறுத்திருந்து, கை தூக்கினாள்.

“எந்தப் புஸ்தகம் சேரணும்னு முடிவு பண்ணவங்கள்ல பொம்பளைங்க இருந்தாங்களா ஐயா?”

போதகர் தலையைச் சொறிந்தார். “தெரியலம்மா. படிச்சுட்டு வந்து சொல்றேன்.”

“நானும் தேடிப் பார்க்கறேன் ஐயா,” என்றாள்.