தண்ணீர் குடித்து வாங்கிய சைட்

போன வாரம் ஒரு பெண் கைப்பேசியில் அழைத்தாள். கிணத்துக்கடவு தாண்டிப் புதிதாக வில்லாக்கள் கட்டுகிறார்களாம். நான் வீடு தேடுகிறேன் என்று யாரோ அவளுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார்கள். நான் எதையும் தேடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தவிர. ஆனால் இந்த வயதில் ஒருவர் நம்மிடம் “ரெண்டு நிமிசம் பேசலாமுங்களா” என்று அனுமதி கேட்டால் மறுக்க மனம் வருவதில்லை. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நாய்கள் காலாற நடக்கத் தனியாக ஒரு பூங்கா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“தண்ணி எப்படிங்கம்மணி?”

“இருவத்தி நாலு மணி நேரமும் இருக்குங்க சார்.”

“என்ன தண்ணிங்க?”

பக்கத்தில் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள் போலிருக்கிறது. “தண்ணிதாங்க சார்” என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கோயமுத்தூரில் ‘என்ன தண்ணி’ என்பது ஒரு காலத்தில் குலம் விசாரிப்பதற்குச் சமமான கேள்வி என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வீட்டுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிறதா என்று கேட்ட மாமனார்கள் இருந்தார்கள். சிறுவாணிக்கு ஒரு தனி இனிப்பு உண்டென்று சொல்லிக்கொள்வோம். யோசித்துப் பார்த்தால் இனிப்பெல்லாம் ஒன்றும் இல்லை. உப்பு இல்லை, அவ்வளவுதான். உப்பில்லாததையே இனிப்பென்று கொண்டாடும் நிலைமையில் மற்ற தண்ணீர்கள் இருந்தன.

நாங்கள் வீடு கட்டச் சைட் தேடிய காலத்தில் பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் அங்கேயே ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் விளம்பர நோட்டீஸ் எழுதும் வேலையில் இருந்தேன். ‘பாறையின் நெஞ்சிலிருந்தும் நீரைப் பொங்க வைப்போம்’ என்ற வரி என் கைவண்ணம். அதைப் படித்துவிட்டு எந்த விவசாயியாவது பம்பு வாங்கியதாகத் தகவல் இல்லை. ஆனால் அந்த வரியை எழுதியவன் என்ற முறையில், தண்ணீரைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த நம்பிக்கைதான் காரணம்.

என் மனைவி சாந்தாமணிக்கு எந்த ஏரியா என்பதில் அபிப்பிராயமே இல்லை. பள்ளிக்கூடம், பஸ், வாஸ்து எதுவும் அவள் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை.

“எங்க வேணாலும் வாங்குங்க. ஆனா என்ற ஊட்டுல நான் கொடம் தூக்கமாட்டேனுங்க.”

அவள் பிறந்தது கிணத்துக்கடவுக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். ஊர்க்கோடியில் ஒரு கைப்பம்பு. பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு நடை, வந்தபின் மூன்று நடை. அவளுடைய அண்ணனுக்குச் சைக்கிள் வாங்கிய வருடம் இவளுக்கு இன்னொரு குடம் வாங்கிக் கொடுத்தார்களாம். இடுப்பெலும்பு இடப்பக்கம் ஒரு விரற்கடை தேய்ந்துவிட்டது என்பது அவள் நம்பிக்கை. அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்ன டாக்டரை அவள் மாற்றிவிட்டாள்.

இப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளரை முகத்தருகே கொண்டுபோனால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வரும். மொபெட்டில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவேன். புரோக்கர் காட்டும் சைட்டைப் பத்து நிமிடம் பார்ப்போம். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் குடிக்கத் தண்ணீர் கேட்போம். இந்தப் பக்கத்தில் அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் வந்து நின்றாலும் சொம்பு வந்தபிறகுதான் ‘எந்த ஊருங்க’ என்ற கேள்வி வரும்.

நான் ஒரு வாய் எடுத்து, நாக்கின் நடுவில் நிறுத்தி, வானத்தைப் பார்ப்பேன். சாந்தாமணி அப்படியெல்லாம் செய்வதில்லை. ஒரு மடக்குக் குடிப்பாள், டம்ளரைக் கீழே வைப்பாள், வண்டியை நோக்கி நடப்பாள். அதோடு அந்த ஏரியா முடிந்தது. சிறுவாணி என்று ஆரம்பித்தோம். அந்தப் பக்கமெல்லாம் எங்களுக்கு எட்டாது என்று தெரிந்தபின் பில்லூர் அணைத் தண்ணீர் போதும் என்று இறங்கி வந்தோம். அதுவும் சிறுவாணிக்குச் சித்தி முறை ஆகும்.

புரோக்கர் பொறுமைசாலி. அவரே ஒரு நாள், “ஏனுங்க சார், எடம் பாக்கறீங்களா, இல்ல வயித்துக்கு வைத்தியம் ஏதாச்சும் பாக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

ஆறு மாதம் கழித்துச் சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு லே-அவுட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு. அதுவரை சோளம் விதைத்த காட்டில் வெள்ளையடித்த கற்கள் முளைத்திருந்தன. காட்டை வாங்கி விற்றவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பெயரில் ஒரு நகர், நாற்பதடி ரோடு. இளையவள் பெயரில் ஒரு நகர், இருபத்துமூன்றடி ரோடு. நாங்கள் இளையவளிடம் போய்ச் சேர்ந்தோம்.

மொத்த நகருக்கும் அப்போது ஒரே ஒரு வீடு. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற செல்லமுத்து என்பவருடையது. நாங்கள் தட்டுவதற்கு முன்பே கேட்டைத் திறந்தார்.

“வெயில்ல ஏனுங்க நிக்கறீங்க? உள்ள வாங்க, தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க.”

அவர் மனைவி ருக்குமணி சொம்பும் டம்ளர்களுமாக வந்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சாந்தாமணியின் குரல் கேட்டது. “இன்னொரு டம்ளர் குடுங்கக்கா.”

ஆறு மாதத்தில் அவள் எங்கும் இரண்டாவது டம்ளர் கேட்டதில்லை. அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுத்தோம்.

இது உங்கள் குழாயில் வருவதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை என்று அர்த்தம். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்பது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு நெய் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பது போல. மரியாதை தெரிந்த யாரும் கேட்க மாட்டார்கள். நான் மரியாதை தெரிந்தவன்.

பூமி பூசை நடந்த காலையில்தான் மேஸ்திரி, தண்ணீர்த் தொட்டியை எந்த மூலையில் போடுவது என்று கேட்டார். லைன் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள எதிர்வீட்டுக்கு நடந்தேன். செல்லமுத்து அப்போதுதான் மொபெட்டில் வந்து இறங்கினார். வண்டியின் இரு பக்கமும் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் குடங்கள். வாய்க்குப் பாலித்தீன் கவர், அதன்மேல் ரப்பர் பேண்டு.

“லைன் எந்தப் பக்கமுங்கண்ணா போகுது?”

“எந்த லைனுங்க?”

“நல்ல தண்ணி லைனுங்க.”

அவர் நிதானமாக ஸ்டாண்டு போட்டார். “இங்க ஏதுங்க லைனு? போரு ஒண்ணுதான், அது வாயில வெக்க முடியாதுங்க. பழைய ஊருக்குள்ள பொதுக்கொழாய் இருக்குது. அங்கிருந்துதான் நான் கொண்டாறனுங்க.”

“அன்னிக்கு எங்களுக்குக் குடுத்தீங்களே?”

“வந்தவிங்களுக்கு உப்புத் தண்ணியவாங்க குடுப்பாங்க? நீங்க தாகத்துக்கு வந்தீங்கன்னு நெனச்சனுங்க. பரிச்சை வெக்க வந்தீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பிறகு ஒரு நாள் விசாரித்ததில், அவருக்கு சைட் விற்றவரும் வீட்டுக்குக் கூப்பிட்டு அருமையான தண்ணீர் கொடுத்தார் என்று தெரிந்தது.

திரும்பி வந்து சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் எதிர்வீட்டு வாசலில் ருக்குமணி குடங்களை இறக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூசைய நிறுத்தச் சொல்லட்டுமா?”

“ஏனுங்க நிறுத்தோணும்? ஊட்டக் கட்டுங்க. நான் கொடத்தத் தொடமாட்டேன். என்னைக்கு நான் தூக்கோணும்னு வருதோ அன்னைக்கு பீளமேட்டு லைன் ஊட்டுக்கே போயர்லாம்.”

“அப்ப தண்ணி?”

“நீங்கதான பம்பு கம்பெனில இருக்கறீங்க.”

அப்படியாக, வீடு எழும்பிக் குடிவந்த மறுநாள் காலையிலிருந்து ஒன்பது வருடம் நான் குடத்துக்காரன் ஆனேன். இரண்டு கிலோமீட்டர். வேகத்தடை நான்கு. முதல் மாதம் குடம் முக்கால்தான் வீடு வந்து சேர்ந்தது. மீதி என் கால்சட்டையில். ஈரக் காலோடு அலுவலகத்தில் உட்கார்ந்து பாறையின் நெஞ்சைப் பற்றி எழுதுவேன். என் தமிழ் அந்த நாட்களில் கொஞ்சம் அடங்கியதாகப் பின்னால் மேனேஜர் சொன்னார்.

பொதுக்குழாய் இருந்தது பழைய ஊரின் கிழக்குக் கடைசியில். தலைமுறைகளாகத் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பங்களின் தெரு அது. தோட்டங்களை எங்களைப் போன்றவர்கள் சைட்டாக வாங்கிக்கொண்டதும், அவர்கள் மில்லுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தரை துடைக்கவும் போகத் தொடங்கியிருந்தார்கள். வரிசையில் இருபது பெண்கள், ஒரு செல்லமுத்து, ஒரு நான். அவர்களுடைய குழாய், நாங்கள் வண்டியில் வந்து பங்கு கேட்கிறவர்கள். இருந்தும் மாரக்கா என்ற அம்மாள் தினமும், “சாருக்கு உடுங்கடி, ஆபீசு போவோணும்” என்று என் குடத்தை முன்னால் நகர்த்துவார். அதற்கு வரியும் வசூலிப்பார்.

“ஏனுங்க சார், ஊட்டுக்காரம்மா வரமாட்டாங்களா?”

“அவங்களுக்கு இடுப்பு வலிங்க.”

“அப்ப எங்களுதெல்லாம் இரும்புல அடிச்சதுங்களா?”

வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு நாள் என் வீடு எது என்று விசாரித்துவிட்டு, “அந்தக் காட்டுல நான் களை வெட்டியிருக்கறனுங்க. அப்பவே அங்க கெணத்துல உப்புத்தான். ஒரு வார்த்த எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமல்லங்க” என்றார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் குடித்து ஆராய்ச்சி செய்த ஆறு மாதத்தில், அந்த மண்ணில் வேலை செய்தவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காவது வருடம் என்று நினைக்கிறேன், எங்கள் பக்கத்துச் சைட்டைப் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கைக்குழந்தை வேறு. நல்ல உச்சி வெயில். கூட வந்த புரோக்கரே எங்கள் கேட்டைத் தட்டி, “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்றார். சொம்பை எடுக்க எழுந்தவன் பாதியில் நின்றேன். நல்ல தண்ணீர் கொடுத்தால் பொய். போர்த் தண்ணீர் கொடுத்தால் அவமரியாதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீரைப் பற்றி நான் எந்த நோட்டீசிலும் எழுதியதில்லை.

சாந்தாமணி உள்ளே போய் இரண்டு டம்ளர்களோடு வந்தாள்.

“இது எங்கூட்டுக்காரரு வண்டில கொண்டாந்தது. இது இந்த எடத்துது. ரெண்டையும் குடிச்சுப் பாருங்க, அம்மணி.”

அந்தப் பெண் இரண்டாவது டம்ளரை உதட்டில் வைத்தாள். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். அவர்கள் வாங்கவில்லை. புரோக்கர் அதன்பின் எங்கள் தெருவில் வணக்கம் சொல்வதை நிறுத்தினார். ருக்குமணிக்குத்தான் தாங்கவில்லை. “கைக்கொழந்தையோட வந்தவிங்களுக்கு உப்புத் தண்ணி குடுத்துப்போட்டியாமா, சாந்தா” என்று எங்கள் வாசலுக்கே வந்து கேட்டுவிட்டு, மூன்று மாதம் பேசவில்லை.

“நமக்கு இப்படி ஒருத்தரு குடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமல்லங்க” என்றாள் சாந்தாமணி என்னிடம். விசாரிக்காமல் சைட் வாங்கினோம் என்பதை அந்த ஒன்பது வருடத்தில் அவள் நினைவூட்டிய ஒரே சந்தர்ப்பம் அது.

பிறகு லைன் வந்தது. எங்களுக்கும் வந்தது, மாரக்காவின் தெருவில் வீட்டுக்கு வீடும் வந்தது. வீட்டுக் குழாய் முதலில் இருமியது, காற்றை விட்டது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது, அப்புறம் ஒழுங்காக ஊற்றியது. சாந்தாமணி டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு குடம்கூடத் தூக்கியிருக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு சுவரில் தண்ணீர் வடிகட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறோம். சிறுவாணி, பில்லூர், போர் எதை ஊற்றினாலும் எல்லாம் ஒரே ருசியில் வருகிறது. அதாவது ஒரு ருசியும் இல்லாமல். செல்லமுத்து தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். சைட் பார்க்க வருகிறவர்கள் கார் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. பொதுக்குழாயைப் பிடுங்கி வெகுநாளாகிறது; அந்த இடத்தில் ஒரு ஏடிஎம். போன மாதம் அங்கே மாரக்காவைப் பார்த்தேன். கையில் கார்டோடு நின்றார். அடையாளம் தெரிந்து தலையாட்டினார். பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் சொன்னேன். அந்தக் குழாயடி, அந்த வரிசை, அந்தக் கிண்டல், காலையில் இருபது பேர் முகத்தில் விழித்தது எதுவும் இப்போது இல்லை, ஒரு மாதிரி வெறுமையாக இருக்கிறது என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு இருக்குமுங்க” என்றாள். “உங்களுக்கு வண்டிதான தூக்குச்சு.”