டைம்கீப்பரின் இரண்டு வயதுகள்

புது மிஷின் வந்த முதல் வாரத்திலேயே ஒரு மனிதரைப் பயமுறுத்தி, அவர் முப்பது வருடமாக மறைத்து வைத்திருந்த விஷயத்தை வெளியே வரவழைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் தப்பு என்னுடையதுதான்.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நுரையீரலைச் சோதிக்கும் லங் ஃபங்ஷன் டெக்னீஷியனாக இருந்தேன்; வருகிறவர்களுக்கு நான் ‘மிஸ்ஸி’. ஆட்களை ஒரு குழாயில் ஊதச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கத்துவதுதான் வேலை. தமிழில் “ஊதுங்க, விடாம ஊதுங்க”, மலாயில் “தியுப், தியுப்”. தொண்டை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். பழைய மிஷினில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், காகிதம் சுற்றும், கோடு விழும்; கணக்கை நாங்கள் போட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த புது மிஷின் தானே கணக்குப் போட்டுத் துண்டுத் தாளில் அச்சடித்துத் தள்ளியது. கடைசி வரியில் ‘லங் ஏஜ்’ என்று ஓர் எண். இவ்வளவு ஊதுகிற நுரையீரல் வழக்கமாக எந்த வயதுக்காரரிடம் இருக்கும் என்பது அதன் பொருள். எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அந்த வாரம் ஒரு பஸ் கம்பெனி தன் ஆட்களைச் சோதனைக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் வீரையா, டைம்கீப்பர். பஸ் ஸ்டேஷனில் ஒரு பலகைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுகிறவர். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், வயது ஐம்பத்து நான்கு. அதை மிஷினில் தட்டினேன். நன்றாகவே ஊதினார். தாள் வந்தது.

“அண்ணே, உங்க நுரையீரலுக்கு எழுபத்தாறு வயசு!” என்றேன், லாட்டரி நம்பர் படிப்பதுபோல.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“மிஸ்ஸி, மிஷின் தப்பா சொல்லுது. எழுபத்தாறெல்லாம் இல்ல. அம்பத்தெட்டுதான். சத்தியமா நாலு வருசம்தான் கொறச்சேன்.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வேலை தேடி வந்தவர், ஐசி எடுக்கும்போது வயதில் நாலைக் கழித்துச் சொல்லியிருக்கிறார். அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை, சொன்னதுதான் வயது. அப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. கம்பெனியில் ஐம்பத்தைந்தில் ஓய்வு. ஐசிப்படி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. உண்மைப்படி மூன்று வருடத்துக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

“ஆப்பீஸ்ல சொல்லிறாதீங்க லா மிஸ்ஸி. சின்ன மக மக்தாப் காலேஜ்ல டீச்சருக்குப் படிக்குது. இன்னும் ஒரே வருசம். தெரிஞ்சா நாளைக்கே நிப்பாட்டிருவான்.”

“அண்ணே, மிஷினுக்கு உங்க வயசு தெரியாது. இங்க பாருங்க.” ஐம்பத்தெட்டு என்று மாற்றித் தட்டினேன். தாள் வந்தது. அதிலும் எழுபத்தாறுதான். லங் ஏஜ் கணக்குக்கு உயரமும் ஊதின அளவும் போதும்.

“அப்ப அது கண்டுபிடிக்கல?”

“இல்ல.”

“நல்ல மிஷின்” என்றார்.

நிம்மதியில் அவர் எழுபத்தாறை மறந்தே போனார். சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டேன். வெற்றிலைகூடப் போடுவதில்லையாம். அந்தப் பெட்டியில் இருபத்தேழு வருடம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெட்டியை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். அதன் ஜன்னலும் பஸ்ஸின் புகைக்குழாயும் ஏறக்குறைய எதிரெதிரே. டிரைவர்கள் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற பயம். பத்து நிமிடம் காத்திருக்கும் நான் தினமும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள். வீரையா அண்ணன் உள்ளேயிருந்து கையாட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ரிப்போர்ட். உள்ளதை எழுதினால், வேலைக்கு லாயக்கில்லை என்று கம்பெனி அவரை அனுப்பிவிடலாம். எழுதாவிட்டால் அதே பெட்டி, அதே புகை. டாக்டரிடம் நுரையீரலைப் பற்றி எல்லாம் சொன்னேன்; வயதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வயதுக் கட்டத்தில் ஐம்பத்து நான்கு என்றே எழுதினேன். அது பொய் என்று தெரிந்து எழுதினேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாக்டர் ஊதின அளவை வயதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்; உண்மை வயதை எழுதியிருந்தால் நுரையீரல் கொஞ்சம் நன்றாக இருப்பதாகத் தெரிந்திருக்கும். இளைய வயது எழுதியதால் இன்னும் மோசமாகத் தெரிந்தது. டாக்டர் முகம் சுளித்து, ‘வேலை செய்யலாம், ஆனால் புகை இல்லாத இடத்துக்கு மாற்றவும்’ என்று கடிதம் எழுதினார்.

கம்பெனி கடிதத்தை மதித்தது. பெட்டிக்குள் ஒரு மின்விசிறி மாட்டினார்கள். ஜன்னல் பக்கத்திலிருந்து உள்ளே வீசுகிற மாதிரி.

டாக்டர் இரண்டாவது கடிதமும் போட்டார். பதில் இல்லை. அந்த ஒரு வருடத்தையும் வீரையா அண்ணன் அங்கேயே ஓட்டினார். மகளுக்கு கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஐசிப்படி ஐம்பத்தைந்தில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவராகவே வந்தார். ஊதினார். இந்தத் தடவை நான் தாளைப் படிக்கவில்லை. அவரே வாங்கிப் பார்த்தார். எழுபத்தெட்டு.

“இப்ப எனக்கு நெசமாவே அறுவது” என்று விரல் விட்டுக் கழித்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நாலு வருசத்த ஏமாத்திட்டு முப்பது வருசமா பயந்துகிட்டே இருந்தேன் மிஸ்ஸி. எங்கிட்ட பதினெட்டு வருசத்த எடுத்தவன் ஒருத்தனும் பயந்த மாதிரி தெரியலயே.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதம் என்று அறிவிக்கிற குரலில்தான் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். ஐசியை வாங்குவதற்கு முன்னால், எங்கே வேலை செய்கிறீர்கள், மூக்குக்கு நேரே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சோதனைப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓய்வு பெறும்வரை நான் அதை ஓரத்தில் எழுதி வந்தேன்.