ராஜிப் பத்திரத்தில் இல்லாத வரி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சொர்ணத்தின் வீட்டைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "குக்கர் வெடிச்ச வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள்.

1995 ஜனவரி, அவரைக்காய்க் காலம். சொர்ணம் குக்கரில் அவரைக்கொட்டையை ஏற்றியிருந்தாள். பக்கத்து வீட்டு சரளா சமையலறை வாசலில் உட்கார்ந்து மீதிக் காயை உரித்துக்கொண்டிருந்தாள். ஆவி வருவதைப் பார்த்துவிட்டுச் சொர்ணம் வெயிட்டைப் போட்டதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். விசில் வரவில்லை. மூடிதான் பறந்தது. தண்ணீர் குடிக்க வந்த ஆறு வயது மகள் வீணாவின் இடது கன்னம் வெந்துபோனது.

கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் கணவன் நாராயணசாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "கொட்டை வெந்துச்சா, இல்ல என் பொண்ணு மட்டும்தான் வெந்தாளா?"

"அண்ணா, அக்கா சரியாத்தான் வெயிட் போட்டாங்க, நான் பார்த்தேன்" என்றாள் சரளா.

"உன் சிநேகிதிக்காக நீ பேசற. கோர்ட்டு சொல்லட்டும், நம்பறேன்."

அந்த ஒரு சொல்லைத்தான் சொர்ணம் பிடித்துக்கொண்டாள்.

அதே கம்பெனி குக்கர் வேறு பல வீடுகளிலும் வெடித்திருந்தது. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த சரளாவே வழி சொன்னாள். "ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும் ஒருத்தர் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போடலாம்க்கா. கோர்ட்டு அனுமதி கொடுத்தாப் போதும். எங்க வீட்டுலயும் அதே குக்கர்தான், நான் போடறேன்."

"எனக்குக் காசு வேணாம், குக்கரும் வேணாம் சரளா. தப்பு குக்கர் மேலன்னு கம்பெனி ஒரு வரி எழுதித் தரணும். அதை இவர்கிட்டக் காட்டணும்."

"வாங்காம விடமாட்டேன்." வீணாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள் சரளா.

இருநூறு பேர் சேர்ந்தார்கள். நான்கு வருஷம் ஓடியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொர்ணம் ஊதுபத்தி உருட்டும் வேலையை விட்டுவிட்டு ஓடினாள். ஒருநாள் சரளா சொன்னாள்: "கம்பெனிக்காரங்க சமாதானமாப் போயிடலாம்னு ராஜி பேசறாங்கக்கா. பேப்பர்ல நோட்டீஸ் வரும். ஆட்சேபணை இருந்தா ஒரு மாசத்துக்குள்ள சொல்லலாம். பார்த்துக்கோ."

அன்றிலிருந்து டீக்கடைத் தமிழ்ப் பேப்பரை மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படித்தாள் சொர்ணம். நோட்டீஸ் வரவில்லை. முப்பத்தைந்தாம் நாள் அட்டைப் பெட்டியில் புதுக் குக்கர் வந்தது.

கோர்ட்டுக்கு ஓடினாள். "ராஜி ஆகோய்த்தம்மா, முடிஞ்சுபோச்சு" என்றார் குமாஸ்தா. "எல்லாருக்காகவும் ஒருத்தர் கேஸ் போட்டா, ராஜியும் எல்லாரையும் கட்டுப்படுத்தும். நோட்டீஸ் கன்னடப் பேப்பர்ல வந்துதே, பார்க்கலையா?" ஆளுக்கொரு குக்கர் தருவார்கள். குக்கரில் குறை இருந்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் ராஜி.

சொர்ணத்துக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பேசத்தான் தெரியும், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அது சரளாவுக்கு நன்றாகத் தெரியும்.

நேராகச் சரளாவிடம் போய்க் கேட்டாள்: "கன்னடப் பேப்பர்னு ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஆட்சேபணை போட்டிருப்ப. இன்னும் நாலு வருஷம் இழுக்கும். இருநூறு பேருக்குக் குக்கர் வேணும்க்கா. உனக்கு மட்டும்தான் வார்த்தை வேணும்."

சொர்ணம் அழவில்லை. சரளாவின் கையைப் பிடித்து நாராயணசாமியின் முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள். "கம்பெனி சொல்ல வேணாம், நீயே சொல்லு. அன்னிக்குச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு. நான் சரியாத்தானே வெயிட் போட்டேன்?"

சரளாவின் பார்வை தரையிலேயே கிடந்தது. "அந்தக் குக்கரைப் பத்தி இனிமே எங்கயும் பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. ராஜியில அதுவும் ஒரு நிபந்தனை."

நாராயணசாமி சிரித்தான். "நடந்திருந்தாத்தானே வாயில வரும்?"

மூலையில் நின்ற வீணாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பத்து வயதுக் குழந்தை தாயைப் பார்த்துக் கேட்டது: "அப்ப நீதானாம்மா?"

தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவளிடம் அந்தக் குழந்தை கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது!

புதுக் குக்கரைப் பெட்டியோடு சரளா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள் சொர்ணம். ஆறு வருஷமாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் விசில் கேட்கும்போதெல்லாம், வளர்ந்த பெண்ணை இன்னும் "உள்ளே போ, உள்ளே போ" என்று விரட்டுகிறாள். ஏன் என்று வீணா கேட்பதில்லை. பதில் தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.