பயிற்சி மண்டபத்தில் நான் இழுத்த சிவப்புக் கோடு

போர்நிறுத்தம் என்று பெயருக்கு இருந்த காலம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் மத்தியஸ்தர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி நடந்தது. காணிச் சண்டை, வேலிச் சண்டைகளை நீதிமன்றம்வரை போகவிடாமல் பேசித் தீர்க்கிற சபைக்கு ஆட்களை எடுக்கிறார்கள். ஐந்து நாளும் முழுதாக வரவேண்டும், கடைசி நாள் செய்முறைப் பரீட்சையில் தேறவேண்டும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் சான்றிதழ் இல்லை, நியமனமும் இல்லை.

நான் அப்போது ஒரு பாடசாலையில் உப அதிபர். வரவுப் பதிவேட்டை என்னிடமே தந்தார்கள். விடுவேனா? பள்ளிக்கூடத்தில் செய்வதுபோலவே சரியாக எட்டரைக்குக் கடைசிக் கையெழுத்தின் கீழே சிவப்புக் கோடு இழுத்துவிடுவேன். அதற்குப் பிறகு வருகிறவர் பிந்தியவர்; அவருக்கு அந்த நாள் வரவில் சேராது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மூன்றாம் நாள் ஈச்சிலம்பற்று விவசாயி ஒருவர் பதினொரு மணிக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பட்டணத்தில் தங்க இடமில்லாமல் தினமும் போய்வந்தவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரே ஆளும் அவர்தான். அவர் தேறாவிட்டால் அந்த ஊர்ச் சனத்துக்குச் சபையில் ஒருவரும் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "விதி எல்லாருக்கும் ஒண்டுதான்" என்று சொல்லி, கோட்டுக்குக் கீழே கையெழுத்து வாங்கினேன்.

கடைசி நாள் பரீட்சையில் பயிற்றுநர் கற்பனைச் சண்டை வேண்டாம் என்றார். இந்த அறையிலேயே யாருக்காவது பிணக்கு இருக்கிறதா என்று கேட்டார். விவசாயி எழும்பினார்.

"ஓம் சேர். எனக்கும் உப அதிபருக்கும் இருக்கு."

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

மத்தியஸ்தராக இருந்து செய்துகாட்டும் முறை முதலில் கிண்ணியா முன்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு. எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். முதலில் என்னைப் பேசவிட்டார். விதியைப் பற்றி நான் ஒரு பிரசங்கமே செய்து முடித்தேன். பிறகு விவசாயியிடம் திரும்பி, வீட்டிலிருந்து வெளிக்கிட்டது எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

"நாலு மணிக்கு. ஆமிச் சோதனைச் சாவடி ஆறு மணிக்குத்தான் திறக்கும். முன்னுக்கு நிண்டா முதல் ஆளா விடுவினம் எண்டு வந்தனான். அண்டைக்கு எட்டு மணிமட்டும் மறிச்சுப்போட்டாங்கள். மூதூரில இருந்து கடல் கடக்கிற லோஞ்சும் போயிட்டு."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "சேர், இதை நீங்க அண்டைக்குக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. என் வீடு அந்த மண்டபத்துக்கு ஐந்து நிமிட நடை. சொல்லவே வெட்கமாக இருந்தது.

என்ன செய்யலாம் என்று எங்களையே யோசிக்கச் சொன்னார். தனக்குச் சலுகை வேண்டாம், விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தந்தால் போதும் என்றார் விவசாயி. நான் சொல்லித்தருகிறேன் என்றேன். மதியம் சாப்பிடாமல் இருவரும் இருந்தோம். பயிற்றுநர் பக்கத்தில் இருந்து கேட்டு, அதையே வரவாக ஏற்றுக்கொண்டார்.

பின்னேரம் மத்தியஸ்தராக இருக்கும் முறை எனக்கு. இவ்வளவு நடந்தும் பழக்கதோஷம் விடவில்லை. பத்தே நிமிடத்தில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்; மத்தியஸ்தர் செய்யவே கூடாத வேலை அது. விவசாயியும் ஆசிரியையும் தேறினார்கள். நான் தேறவில்லை.

அடுத்த முறை ஐந்து நாளும் திரும்ப இருந்துதான் சான்றிதழ் எடுத்தேன். பிழை செய்தவர் என்று யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இன்று முதலில் அவரைத்தான் பேசவிடுகிறேன். சொல்லவந்த ஒரு மனிதரின் வாயை அன்று அடைத்த வெட்கம் எனக்குள் இன்னும் ஆறவில்லை, அது ஆறவும் வேண்டாம்.