பேச்சுக்கு முதலிடம்

தேயிலை விலை விழுந்து கிடந்த ஆண்டுகளில், குன்னூரில் ஓர் எஸ்டேட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கீழ் கோத்தகிரிப் பக்கம் இருந்த எங்கள் ஃபேக்டரிக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரே ஒரு மெதுவான லைன். ஏல விவரம், கணக்கு, தொலைபேசிப் பேச்சு எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். நெரிசல் வந்தால் எதை முன்னால் விடுவது, எதைக் கைவிடுவது என்பதை லைனின் இரு முனையிலும் இருந்த நெட்வொர்க் ஸ்விட்சுகள் பார்த்துக்கொள்ளும். அவற்றை அமைத்து வைப்பது என் பொறுப்பு. ஏலமும் கணக்கும் முதலில், பேச்சு கடைசியில் என்பது மேலிடத்து உத்தரவு.

ஒருநாள் மேனேஜர் குன்னூரிலிருந்து ஸ்பீக்கர் போனில் தொழிலாளர்களிடம் பேசப்போகிறார் என்று சொல்லி, லைனைக் கவனிக்க என்னை ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள். ஆபீஸ் அறையில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் நின்ற அக்கா இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். எல்லோருக்காகவும் அவர்தான் பேசுவார்.

“ஃபேக்டரி... மாசம்... நிறுத்த... இல்ல...” என்றது ஸ்பீக்கர்.

“தொர என்னா சொல்றாரு? ஓடுமா, ஓடாதா? ஒன்னும் விளங்கல்லயே புள்ள” என்றார் அக்கா.

என் திரையில், பேச்சைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பாக்கெட்டுகளில் தவறிப்போனவற்றின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்குக் குன்னூரிலிருந்து கணக்குக் கோப்புகள் மொத்தமாக வந்துகொண்டிருந்தன. யாரையும் கேட்காமல் பேச்சை வரிசையில் முதலாவதாக மாற்றினேன்.

“சார், இன்னொருக்கா சொல்லுங்க. இப்ப கேக்கும்” என்றேன்.

சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து ஃபேக்டரி ஓடாது. கொழுந்தை வெளி ஃபேக்டரிக்கு விற்பார்கள். தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலை. ஒரு சொல்கூட உடையவில்லை. இதைத் தெளிவாகக் கேட்கவைக்கத்தானா இத்தனை அவசரப்பட்டேன் என்று இருந்தது.

அக்கா போனருகே குனிந்தார். “உள்ளுக்கு வேல செய்யிற சனம் என்னா செய்யிறது, தொர? லயத்து வீட்ட விட்டும் போகச் சொல்லுவீங்களா?”

பதில் வரவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“லைன் கட்டாயிருச்சா, புள்ள?”

திரையைப் பார்த்தேன். எண்ணிக்கை அசையவில்லை. ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை.

“இல்லீங்கக்கா. லைன் நல்லாத்தானுங்க இருக்குது.”

அந்தப் பக்கம் குன்னூர் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்ததுகூட ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்து, “நான் நேர்ல வர்றேனுங்க” என்றார் மேனேஜர்.

அந்த வாரமே வந்தார். ஃபேக்டரி முற்றத்தில் நின்றபடி, லயத்து வீடுகளை யாரும் காலி செய்ய வேண்டியதில்லை என்று சொன்னார். அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். ஃபேக்டரி மட்டும் நின்றது நின்றதுதான். உள்ளே வேலை செய்தவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். அக்காவின் மகளும் அவர்களோடு போனாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு அக்கா நேராக மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார்.